மடியில் கேட்பவர்கள்

ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் முன்னால், தாயின் மடியில், கைக்குழந்தை ஒன்று அயர்ந்து தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிலைகொள்ளாமல் போகிறது. சுற்றியிருப்பவர்களுக்கு அந்தக் காட்சி பிடித்திருக்கிறது. "இவ்வளவு சத்தத்துலயும் எப்படித் தூங்குது பாருங்க, சங்கீத ஞானம் உள்ள குழந்தை" என்று யாராவது சொல்வார்கள். தாய் பூரித்துப்போய் முந்தானையை இழுத்துக் குழந்தையின் காலை மூடுவாள். அந்தப் பூரிப்பைக் கலைக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் என் கண் அந்தச் சின்னக் காதுமடலை விட்டு நகராது. பந்தலில் இருக்கும் அத்தனை பேரும் ஏதோ ஒரு விருப்பத்தால் வந்தவர்கள். தன் விருப்பம் என்று எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்த உயிர் அது ஒன்றுதான். பாட்டு பிடிக்காத பெரியவர் காபி குடிக்க வெளியே போகிறார். பத்து வயதுப் பையன் ஆற்றங்கரைக்கு ஓடிவிடுகிறான். மடியில் இருப்பதற்கு அழுகை ஒன்றுதான் வழி. அதையும் நாம் பசி என்றோ தூக்கம் என்றோ எடுத்துக்கொண்டு, பால் கொடுத்து அமர்த்திவிடுகிறோம். அது கேட்கிறதா, தாங்கிக்கொள்கிறதா? எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. தெளிவாகாத ஒன்றை அழகான காட்சி என்று சொல்லிக் கடந்துபோகவும் முடியவில்லை.

நான் மனதில் வைத்திருப்பது திருவையாறு. தியாகராஜர் 1847இல் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமித் திதியை ஒட்டி, பெரும்பாலும் தை மாதத்தில், காவிரிக் கரையில் அவருடைய சமாதிக்கு அருகே பந்தல் போட்டுச் சில நாட்கள் நடக்கும் ஆராதனை. சபா அரங்குகளில் இருப்பதுபோல் இங்கே கதவு கிடையாது, டிக்கெட் கிடையாது. யாரும் வரலாம், கால் நீட்டி உட்காரலாம், தூணில் சாய்ந்து கண்ணை மூடலாம். விடியற்காலையில் போனால் ஆற்றுப் பக்கத்திலிருந்து பனி இறங்கிக்கொண்டிருக்கும். நாதஸ்வரக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்துப் பதம் பார்ப்பதும், யாரோ மைக்கைத் தட்டிப் பார்ப்பதும், விரிப்பை உதறும் ஓசையும் கலந்து வரும். பஞ்சமியன்று காலையில் புல்லாங்குழலில் 'சேதுலாரா' பைரவி எழும்போது கூட்டம் அடங்கும். பிறகு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் பஞ்சரத்தினத்தை நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாகப் பாடுவார்கள். இசையே தெரியாதவர்கூட அந்த நேரத்தில் முதுகுத்தண்டு சிலிர்க்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள். கம்பளிக் குல்லாய் போட்டவை, திருஷ்டிப் பொட்டு வைத்தவை, பால் குடித்த வாயோரம் காயாதவை, தாத்தாவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு பின்வரிசைக்காரர்களை உற்றுப் பார்ப்பவை. வசம்பின் வாசனையும் மல்லிகையும் நனைந்த மண்ணும் கலந்த ஒரு மணம் அந்தப் பந்தலுக்கு உண்டு. அதில் வசம்பை எடுத்துவிட்டால் அது வேறு பந்தலாகிவிடும்.

இதை எழுதத் தொடங்கியதுமே ஒரு தயக்கம் குறுக்கே வருகிறது. குழந்தையைக் கூட்டிவர வேண்டாம் என்று சொன்னால் வராமல் போவது குழந்தை மட்டுமில்லை. அதன் தாயும் வரமாட்டாள். அநேகமாகத் தாய் மட்டும்தான் வரமாட்டாள். தகப்பன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான், அவனுடைய குழந்தை எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. மூடிய அரங்கில் குழந்தை ஒரு முனகல் முனகினாலே நான்கு தலைகள் திரும்பும். அந்தத் தலைகளுக்குப் பயந்து, பிள்ளை பெற்ற பிறகு கச்சேரிக்குப் போவதையே விட்டுவிட்ட பெண்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே பலர். அவர்களில் நன்றாகப் பாடக்கூடியவர்களும் உண்டு. பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவர்கள் திரும்பி வரவில்லை. பழக்கம் அறுந்தால் அறுந்ததுதான். ஆகவே பாடல் ஒலிக்கும் திறந்தவெளி ஒன்று, சின்னப் பிள்ளைக்காரிக்கு மிச்சமிருக்கும் கடைசி இடம். திருவையாற்றில் இதைச் சொல்லும்போது பெங்களூர் நாகரத்தினம்மாளை நினைக்காமல் இருக்க முடியாது. சிதிலமாகிக் கிடந்த சமாதியை 1920களில் தன் செலவில் எடுத்துக் கட்டியவர் அவர். அவர் கட்டிய இடத்தில் பெண்கள் பாடக்கூடாது என்று ஆண்கள் சொன்னார்கள். அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை, பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். பிரிந்து கிடந்த தரப்புகள் 1940களின் தொடக்கத்தில்தான் ஒன்றாயின. இன்று பஞ்சரத்தினம் பாட வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்கள் எல்லாருக்கும் அந்த இடம் அவர் வாங்கிக் கொடுத்தது. அப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு, காதுக்குக் கெடுதல் என்ற நல்ல காரணத்தைச் சொல்லியே ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் காரியத்தில் நானும் சேர்ந்துவிடக்கூடாது என்ற பயம் எனக்கு இருக்கிறது. அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே யோசிக்கிறேன்.

அந்தக் காலத்தில் குழந்தைகள் எல்லாவற்றுக்கும் வந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மை. வடதமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடக்கிறது. முன்வரிசை முழுக்கப் பாயும் போர்வையுமாகப் பிள்ளைகள்தான் கிடக்கின்றன. முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் தலைக்கு மேல் ஒலிக்க, துச்சாதனன் கத்தும்போது ஒருமுறை கண் விழித்து மிரண்டு பார்த்துவிட்டு, அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுகின்றன. அர்ச்சுனன் தபசு அன்று பிள்ளையில்லாத பெண்கள் தபசு மரத்தடியில் காத்திருக்கிறார்கள். மேலே ஏறியவர் வீசும் பழத்தையும் பூவையும் மடியில் ஏந்தினால் மடி நிறையும் என்று நம்பிக்கை. பிள்ளை வேண்டி வருகிற இடத்துக்குப் பிள்ளையோடு வரக்கூடாது என்று எந்த ஊரிலும் சொல்ல முடியாது. தஞ்சைப் பகுதிக் கோயில்களில் சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்துக்கொண்டு போகும்போது தெருவெங்கும் இடுப்பில் குழந்தையோடுதான் பெண்கள் நின்றார்கள், நிற்கிறார்கள். இதையெல்லாம் வைத்து அந்தக் காலத்து ஓசை மென்மையானது என்று நான் சொல்லமாட்டேன். தவில் மென்மையான வாத்தியம் இல்லை. வலக்கை விரல்களில் கெட்டியான கூடு மாட்டி, இடக்கையில் கழியோடு வாசிக்கும் தவிலுக்கு இரண்டடி தள்ளி நின்றால் நெஞ்சுக்கூடே அதிரும். வேட்டுச் சத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. நாதஸ்வரம் நடந்து போகும் இசை. வீட்டு வாசலுக்கு வரும், கொஞ்ச நேரம் நின்று தோடியோ கல்யாணியோ வாசிக்கும், அடுத்த தெருவுக்குப் போய்விடும். குழந்தை சிணுங்கினால் தாய் திண்ணையில் ஏறி உள்ளே போய்விடலாம், இசை அவளைத் துரத்திக்கொண்டு உள்ளே வராது. மைக் வருவதற்கு முன் கூத்து மேடையிலிருந்து நாற்பதடி தள்ளிப் பாய் விரித்தவளுக்கு நாற்பதடி தள்ளிய ஓசைதான் கேட்டது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. ஆறு என்றால் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஆற்றலில் அது நான்கில் ஒரு பங்காகக் குறைவது. தூரம் என்பதே அந்தக் காலத்துத் தாய்மாருக்குக் கையில் இருந்த கருவி. எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதை அவளே முடிவு செய்தாள்.

பந்தலில் பத்தடிக்கு ஒரு பெட்டி கட்டத் தொடங்கியபோது அந்தக் கருவி அவள் கையிலிருந்து போய்விட்டது. மேடைக்கு இருநூறடி தள்ளி உட்கார்ந்தாலும் தலைக்கு மேல் ஒரு பெட்டி இருக்கிறது, மேடைக்கு எதிரே இருப்பவருக்குக் கேட்கும் அதே அளவில் அது பாடுகிறது. பெரிய திடல்களில் இப்போது அடுக்கடுக்காகத் தொங்கவிடும் லைன் அரே பெட்டிகளின் நோக்கமே கடைசி வரிசைவரை ஓசை குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். இதை அமைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பின்னால் இருப்பவருக்கும் முன்னால் இருப்பவருக்குக் கேட்பது கேட்க வேண்டும் என்பது நல்ல நியாயம், திருவையாற்றைப் போன்ற பொது இடத்துக்கு அது இன்னும் பொருந்தும். ஆனால் பின்னால் போவது ஒதுங்குவதாக இருந்த காலம் அதோடு முடிந்தது. குழந்தையோடு எழுந்து பின்னால் போகும் பெண் இன்னொரு பெட்டிக்கு அடியில் போய் நிற்கிறாள். சில சமயம் அவள் முதலில் உட்கார்ந்திருந்த இடத்தைவிட அங்கே சத்தம் கூடுதல். அவளுக்கும் அது தெரியாது. பெரியவர் காது கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது, எவ்வளவு சத்தத்தில் உட்கார்ந்திருந்தோம் என்பது வீட்டுக்குத் திரும்பி விளக்கை அணைத்துப் படுத்த பிறகு காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்கும்போதுதான் தெரிகிறது. குழந்தைக்கு அப்படி ரீங்காரம் கேட்டால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?

குழந்தையின் காதைப் பற்றி மருத்துவம் சொல்வதைப் படிக்கும்போது வியப்பும் கவலையும் சேர்ந்தே வருகின்றன. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சுருளான எலும்பறை, பிறக்கும்போதே பெரியவர்களுக்கு உள்ள அளவில் இருக்கிறது. அதற்குள் ஓசையை உணரும் மயிரிழைச் செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. ஒன்று அழிந்தால் அதனிடத்தில் இன்னொன்று முளைக்காது. ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டியதை அந்தக் கையிருப்பை வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் காதுத் துளை அப்படியில்லை, அது குட்டையாகவும் குறுகலாகவும் இருக்கிறது. அதனால் அதில் ஓசை எதிரொலித்துப் பெருகும் இடம் பெரியவர்களைவிட மேல்சுரப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஜாலராவின் விளிம்பு, மைக் கிறீச்சிடும் ஒலி, மேல்ஸ்தாயியில் நிற்கும் நாதஸ்வரம் இவையெல்லாம் நமக்குக் கேட்பதைவிடக் கூர்மையாக அதற்குக் கேட்கக்கூடும். கருவில் இருக்கும்போதே, ஆறாம் மாதவாக்கில், அது கேட்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது அதற்கு எட்டுவது தாயின் உடம்பு வடிகட்டிக் கொடுக்கும் தாழ்ந்த ஒலிகள், அவளுடைய குரல், இதயம், குடல். வளைகாப்பில் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குவது குழந்தை கேட்கட்டும் என்றுதான் என்று என் பாட்டி சொல்வார். அது பிற்காலத்தில் சேர்த்த விளக்கமாகவும் இருக்கலாம். ஆனாலும் உலகத்தின் முதல் ஓசையாகக் கண்ணாடி வளையல் உரசுவதைத் தேர்ந்தெடுத்த மனத்தின் நுட்பத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் தீவிர சிகிச்சை அறையில் ஓசை 45 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் கழகம் 1997இல் கேட்டுக்கொண்டது. வளையல் அடுக்கிய பாட்டிமார் அந்த அறிக்கையைப் படித்திருந்தால் ஆமாம் என்று தலையசைத்திருப்பார்கள்.

இப்போது அந்தத் தூக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசெல்டன் 1973இல் பிறந்த குழந்தைகளின் நடத்தையை அறிய ஒரு சோதனை முறையை வெளியிட்டார். தூங்கும் குழந்தையின் கண்மேல் வெளிச்சம் காட்டுவார்கள், பக்கத்தில் கிலுகிலுப்பையை ஆட்டுவார்கள், மணியடிப்பார்கள். முதல் முறை உடம்பு தூக்கிவாரிப் போடும். திரும்பத் திரும்பச் செய்யும்போது அசைவு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல் குழந்தை தூங்கும். தன்னால் தடுக்க முடியாத ஒன்றிலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் திறன் அது. பிறந்த சில நாட்களிலேயே மனித உயிருக்கு அந்தத் திறன் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் பந்தலில் நான் பார்க்கும் தூக்கம் எந்த வகை? தாயின் நெஞ்சுச் சூட்டில், இசை ஒரு பொருட்டாகவே இல்லாமல் வந்த நிம்மதியான தூக்கமா? இல்லை, கதவைச் சாத்திக்கொண்ட தூக்கமா? முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். மனம் கதவைச் சாத்திக்கொண்டாலும் காதுக்குக் கதவு இல்லை. தூங்கும் குழந்தையின் உட்செவியிலும் அந்த மயிரிழைகள் ஒவ்வொரு அடிக்கும் அசைந்துகொண்டுதான் இருக்கின்றன. அழாததால் சத்தம் அதற்குத் தொந்தரவில்லை என்று நாம் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. இரவில் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் காரணமில்லாமல் ஒரு மணி நேரம் வீரிட்டு அழுகிற குழந்தையை 'கண்ணு பட்டுடுச்சு' என்று சொல்லி மடியில் போட்டு ஆட்டுகிறோம். கண் பட்டதோ காது பட்டதோ, அன்றைய நாள் முழுவதும் உள்ளே அடக்கி வைத்ததைத்தான் அது அழுது இறக்கிவைக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சட்டமும் அறிக்கைகளும் இந்த மடியை எட்டிப் பார்க்கவே இல்லை. ஆலைத் தொழிலாளர்களுக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இது வளர்ந்த ஆண் பெண்களுக்கு, சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்பவர்களுக்குப் போட்ட கணக்கு. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வைத்திருக்கின்றன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்றும், திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம் என்றும் சொல்கின்றன. அந்த விதிகள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்றுவதற்கு. பெட்டிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் தானாக விரும்பி வந்தவர், அவரைப் பற்றி விதிக்கு என்ன கவலை? விரும்பி வராத ஓர் ஆள் அங்கே இருக்கக்கூடும் என்பது எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசைக்கூடங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் ஒரு தரநிலை வகுத்தது. எந்த 15 நிமிடத்திலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, கேட்பவர்களின் காதுக்கு ஓய்வு கொடுக்கச் சத்தமில்லாத இடம் ஒன்று ஒதுக்க வேண்டும் என்பவை அதில் உண்டு. நூறு என்ற எண் கைக்குழந்தைக்கு எந்த விதத்திலும் பொருந்தாது. ஆனால் அந்த இரண்டாவது யோசனையைப் படித்தபோது எனக்கு உடனே காவிரிப் படித்துறைதான் ஞாபகம் வந்தது.

இவ்வளவு யோசித்த பிறகு, எதற்காகத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்கலாம். மூளை வளரும் என்று சொல்லி இசைத் தகடு விற்பவர்களின் பேச்சை நான் நம்பவில்லை. 1993இல் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு மொசார்ட் கேட்க வைத்து, அதன் பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு வகைப் புதிரை அவர்கள் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்று ஓர் ஆய்வு வந்தது. அதில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசே இசைத் தகடு கொடுக்கும் அளவுக்கு அது ஊதிப் பெருத்தது. நம் ஊரிலும் கர்ப்பிணிகளுக்கு இந்த ராகம், பிறந்த பிறகு அந்த ராகம் என்று பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம் ராகங்கள். நான் நம்புவது வேறு. தாத்தா ஒருவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஆதி தாளத்தை அதன் தொடையில் போட்டுக்கொண்டிருப்பதைத் திருவையாற்றில் பார்த்தேன். மேடையில் யார் பாடினார்கள் என்பது அந்தக் குழந்தைக்கு ஒரு நாளும் நினைவிருக்காது. ஆனால் தன் உடம்பின்மேல் ஒரு கை எண்ணிக்கொண்டே வந்ததும், எட்டு எண்ணி முடியும்போது ஏதோ ஒன்று திரும்ப வந்து சேர்ந்ததும் எங்கோ பதியும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் மாதங்களை எவ்வளவு கவனித்திருக்கிறார்கள்! ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி. ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டும் என்று கண்டு, அதற்கென்றே பத்துப் பாட்டு ஒதுக்கினார்கள். இசையைக் குழந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கை, தோள், மூச்சு, அதைத் தூக்கி வைத்திருப்பவரின் மகிழ்ச்சி. 'எந்தரோ மகானுபாவுலு' எடுக்கும்போது ஒரு பெண் தன்னை மறந்து சேர்ந்து பாடினால் அவள் நெஞ்செலும்பு அதிர்வதை நெஞ்சில் சாய்ந்திருக்கும் குழந்தை உணர்கிறது. அந்த ஒன்றுக்காக அதை நூறு மைல் தூக்கிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன். அதற்குப் பெட்டி எதுவும் தேவையில்லை. சொல்லப்போனால் பெட்டி அந்த அதிர்வை மூழ்கடித்துவிடுகிறது.

என் தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, பாப்பாவுக்கு ஏழு மாசம்தான் ஆவுது, திருவையாறுக்குத் தூக்கிட்டு வரலாமா?" அவள் பத்து வருஷம் பாட்டு கற்றவள், கல்யாணத்துக்குப் பிறகு வாய் திறந்து பாடி நான் கேட்டதில்லை. வா என்றேன். பனிக்குக் குல்லாய், கொசுவுக்கு வலை, மாற்றுத்துணி என்று அவளுக்குத் தெரியாததை நான் எதுவும் சொல்லவில்லை. காதைப் பற்றி மட்டும் சொன்னேன். குழந்தைகளுக்கென்று தலையில் மாட்டும் மெத்தைக் காதுமூடிகள் விற்கிறார்கள், நன்றாக அழுந்தி உட்கார்ந்தால் கணிசமாகச் சத்தத்தைக் குறைக்கும், அதை மாட்டு, பஞ்சையோ அடைப்பானையோ காதுக்குள் திணிக்காதே, பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து என்றேன். மூடி மாட்டியிருக்கிறோமே என்று பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேச நீ குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் பாப்பாவுக்கு ஆகாது என்றும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கையை விறைத்தாலோ, அழாமல் இருந்தாலும் எழுந்துவிடு என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வராளி நடுவுல எழுந்திரிக்க வேண்டி வந்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வராளியில் 'கன கன ருசிரா' பாடிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோவது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்காக எழுந்துபோனவர்கள் யாரும் அந்த வலியை வெளியே சொல்வதில்லை, கேட்பவர்களும் அதை ஒரு இழப்பாக எண்ணுவதில்லை. அவள் எழுந்துபோக வேண்டிய இடம் பாட்டே கேட்காத சாலையோரமாக இருக்க வேண்டுமா என்பதுதான் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. அவளுக்கும் கேட்க வேண்டும், குழந்தைக்கும் தாங்க வேண்டும், அப்படி ஓர் இடம் ஒரு ஆற்றங்கரையில் இல்லாமல் போவதற்குக் காரணமே இல்லை.

திறந்தவெளியில் இசை விழா நடத்துகிறவர்களிடம், திருவையாறு ஆனாலும் ஊர்க்கோயில் திருவிழா ஆனாலும் கடற்கரைக் கச்சேரி ஆனாலும், நான் கேட்பது இதுதான். பந்தலின் ஒரு மூலையைப் பெட்டி கட்டாமல் விடுங்கள். மேடையில் நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், பாட்டு தொலைவிலிருந்து வருவதுபோல் வர வேண்டும், அவ்வளவு போதும். அங்கே நாலு பாய் விரித்து, குடிதண்ணீர் வைத்து, பால் கொடுக்க ஒரு துணித்தடுப்பு கட்டினால் செலவு அதிகம் ஆகாது. கைக்குழந்தைக்காரர்களுக்கான இடம் என்று எழுதி வையுங்கள், தகப்பன்மாரும் அங்கே வந்து உட்காரலாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். ஒலியமைப்பாளரிடம், கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் ஒரே சத்தம் வேண்டாம், பின்னால் போகப் போகக் குறையட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அது கஷ்டமான காரியமில்லை. கேட்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டுக்கு நடுவில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்தால் காலை மடக்கி வழி விடுங்கள். அவள் திரும்பி வரும்வரை அவள் இடத்தை யாரும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.